லங்காவி அயர்ன்மேன்: எங்கே தங்குவது, எப்படிப் போவது?

டிரையத்லான் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்த முறை லங்காவியைப் பற்றித்தான் கேட்கின்றன. மலேசியாவின் கெடா மாநிலத்தைச் சேர்ந்த இந்தத் தீவில் 2000-லேயே அயர்ன்மேன் நடந்தது, 2010-க்குப் பிறகு சில ஆண்டுகள் நின்று 2014-ல் திரும்பி வந்தது. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். கூடவே இதில் பாதித் தூரமான 70.3-ம் உண்டு. பயிற்சியைப் பற்றி இன்னொரு இதழில் பேசலாம், இப்போது பயணமும் தங்கலும் மட்டும்.

கே: கோவாவில் 70.3 முடித்துவிட்டேன். அடுத்து லங்காவியில் ஃபுல் போகலாம் என்று இருக்கிறேன். போட்டிப் பதிவு, விமானம், ஹோட்டல், இதில் எதை முதலில் புக் செய்வது சார்?
(கோயம்புத்தூர் வாசகர்)

ஹோட்டல் அறை. அதுவும் கட்டணமில்லாமல் ரத்து செய்ய முடிகிற அறை. அடுத்து போட்டிப் பதிவு, கடைசியாக விமானம். பதிவுக் கட்டணம் கட்டினால் கட்டியதுதான், மனசு மாறினாலும் முழுசாகத் திரும்பி வராது. அறையை மட்டும்தான் செலவில்லாமல் விட்டுக்கொடுக்க முடியும். நல்ல இடத்தில் இருக்கும் அறைகளும் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

நல்ல இடம் என்றால் கடல் தெரிகிற இடம் இல்லை. போட்டியன்று விடிவதற்கு முன்னால் நீங்கள் எங்கே போய்ச் சேர வேண்டும், அன்று ராத்திரி கால் ஒத்துழைக்காத நிலையில் எங்கிருந்து அறைக்குத் திரும்ப வேண்டும், இந்த இரண்டைத்தான் பார்க்க வேண்டும். நீச்சல் தீவின் மேற்கில் பந்தாய் கோக் பக்கமும் ஓட்டத்தின் முடிவு பந்தாய் செனாங் கடற்கரையிலும் பல ஆண்டுகளாக இருந்து வந்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே காரில் இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும். பாதையை மாற்றுவது உண்டு என்பதால் உங்கள் ஆண்டின் வழிகாட்டியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அது அப்படியே இருந்தால் நான் செனாங்கைத்தான் சொல்வேன், அங்கே கிடைக்காவிட்டால் அதை ஒட்டியிருக்கும் பந்தாய் தெங்கா. காலையில் எல்லாருக்கும் தெம்பு இருக்கும், எப்படியும் பந்தாய் கோக் போய்விடலாம். ராத்திரி பதினொரு மணிக்கு முடித்துவிட்டு, வாடகைக் காருக்குக் காத்து நிற்பது மிகவும் கஷ்டம், அந்த நேரத்தில் நடந்து போகிற தூரத்தில் அறை இருப்பதைவிடப் பெரிய வசதி வேறு இல்லை.

குவா ஊரில் அறை விலை குறைவு, கடைகள் அதிகம், ஆனால் செனாங்கிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். தீவில் நம் ஊர் டவுன் பஸ்ஸை எதிர்பார்க்க முடியாது, ஆப்பில் கூப்பிடுகிற கிராப் கார் அல்லது டாக்சிதான், விடிகாலை நாலு மணிக்கு ஆப்பை நம்பி நிற்கக் கூடாது. டத்தாய் பக்கம் காடும் கடலுமாக அத்தனை அழகு, போட்டி முடிந்த பிறகு போய்த் தங்குங்கள், முன்னால் வேண்டாம்.

முன்பதிவு செய்வதற்கு முன் ஹோட்டலுக்கு ஒரு மெயில் அனுப்பி மூன்று விஷயங்களைக் கேளுங்கள். சைக்கிளை அறைக்குள் வைத்துக்கொள்ள விடுவார்களா? போட்டியன்று விடிகாலைச் சாப்பாடு உண்டா? அறையில் ஃப்ரிட்ஜ், கெட்டில் இருக்கிறதா? முதல் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அந்த ஹோட்டலை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, கடிகாரம். மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே மூன்றரைக்கு எழுவது என்றால் உங்கள் உடம்புக்கு அது இந்திய நேரப்படி ராத்திரி ஒரு மணி. நவம்பரில் லங்காவியில் சூரியன் உதிப்பதே ஏழு மணிக்கு மேல்தான், மாலையிலும் ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கும், அதனால் முதல் இரண்டு நாள் சீக்கிரம் தூக்கமே வராது. போட்டி வழக்கமாகச் சனிக்கிழமை, சைக்கிளை ஒப்படைப்பது முந்தைய நாள். ஆகவே செவ்வாய்க்கிழமைக்குள் தீவில் இருங்கள், லீவு கிடைக்காவிட்டால் புதன் காலை. வியாழக்கிழமை வந்து இறங்குகிற திட்டமே வேண்டாம், பெட்டி ஒரு நாள் தாமதமானாலும் எல்லாம் போச்சு.

கே: சென்னையிலிருந்து போகிறேன். சைக்கிளை விமானத்தில் ஏற்றுவதை நினைத்தாலே பயம். நேரடி விமானமும் இல்லை. விசா வேண்டுமா?
(சென்னை வாசகி)

விசாவை முதலில் முடித்துவிடுவோம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம், இந்தச் சலுகை 2026 முடியும் வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் டிஜிட்டல் அரைவல் கார்டு என்ற படிவத்தை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமே கிடையாது, காசு கேட்கிற தளம் அரசாங்கத் தளம் இல்லை.

சைக்கிளுக்கு வருவோம். கோலாலம்பூர் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து லங்காவிக்கு வேறொரு கம்பெனியில் தனி டிக்கெட் என்று வாங்கினால் கொஞ்சம் பணம் மிச்சமாகும், ஆனால் கோலாலம்பூரில் பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அந்த விமான நிலையத்தில் இரண்டு டெர்மினல் இருக்கிறது. ஏர் ஏசியா இரண்டாவதில், மலேசியா ஏர்லைன்ஸ் முதலாவதில். இரண்டுக்கும் நடுவே ரயில் உண்டு என்றாலும் இருபத்தைந்து கிலோ பெட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுவது நல்ல ஆரம்பம் இல்லை. ஒரே கம்பெனியில், ஒரே முன்பதிவில், லங்காவி வரை வாங்கிவிடுங்கள். முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றுவது அவர்கள் பொறுப்பு. முடியாவிட்டால் இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு மணி நேரமாவது விடுங்கள்.

டிக்கெட் வாங்கும்போதே விளையாட்டுச் சாமான் என்று சைக்கிளுக்குத் தனியாக எடை வாங்கிவிடுங்கள், கவுண்டரில் போய்க் கட்டினால் விலை அதிகம். பினாங்கு, சுபாங் வழியாகப் போகும் சிறிய ப்ரொப்பெல்லர் விமானங்களில் சாமான் அறை சின்னது, உங்கள் பெட்டியின் அளவைச் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்காமல் அந்த வழியைத் தொடாதீர்கள்.

பேக் செய்யும்போது கியர் மாற்றும் பின் டிரெய்லியரைக் கழற்றி ஃபிரேமுக்குள் கட்டிவிடுங்கள், உடைவது பெரும்பாலும் அதைத் தாங்கும் ஹேங்கர்தான், கையோடு ஒரு ஸ்பேர் ஹேங்கர் வையுங்கள். சீட் போஸ்ட் உயரத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பேர் லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் CO2 சிலிண்டர்களை வீட்டிலேயே விட்டுவிட்டு அங்கே போட்டி எக்ஸ்போ கடைகளில் வாங்குங்கள், செக்யூரிட்டியில் வாக்குவாதம் செய்ய அது நேரமில்லை. ஹெல்மெட், ஓடும் ஷூ, சைக்கிள் ஷூ, பெடல், டிரை சூட் என்கிற போட்டி உடை, கண்ணாடி எல்லாம் உங்களோடு கேபினில் வரட்டும்; பெட்டி வராமல் போனாலும் வாடகை சைக்கிளிலாவது போட்டியில் இறங்கலாம்.

விலை உயர்ந்த சைக்கிள் என்றால் சென்னையில் கிளம்பும்போதே கஸ்டம்ஸில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். பில்லின் நகலும் இருக்கட்டும். திரும்பி வரும்போது அங்கே வாங்கிய புதுச் சைக்கிளா என்ற கேள்வி வந்தால் அந்தத் தாள் பேசும்.

அப்புறம், நவம்பர் என்பது சென்னைக்குப் புயல் மாதம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயலால் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். முன்கூட்டியே கிளம்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். திருச்சியிலிருந்தும் கோலாலம்பூருக்கு நேரடி விமானங்கள் உண்டு, கொங்கு நாட்டுக்காரர்களுக்கும் தென் மாவட்டத்துக்காரர்களுக்கும் அது சௌகரியம். தீபாவளி ஒட்டி வரும் ஆண்டுகளில் இந்த வழித்தடத்தில் கட்டணம் ஏறிவிடும், 2026-ல் தீபாவளி நவம்பர் 8.

கே: என் கணவர் போட்டிக்குப் போகிறார். நானும் இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் கூடப் போகிறோம். அவர் போட்டி, பயிற்சி என்று இருந்தால் நாங்கள் என்ன செய்வது?
(மதுரை வாசகி)

உங்கள் கேள்வியைத்தான் வீரர்கள் கேட்க மறந்துவிடுகிறார்கள். முதல் காரியமாக, இரண்டு அறை எடுக்கச் சொல்லுங்கள், அல்லது இரண்டு படுக்கையறை உள்ள அபார்ட்மெண்ட். போட்டிக்கு முந்தைய ராத்திரி அவர் எட்டு மணிக்குப் படுக்க வேண்டும், பிள்ளைகள் படுக்க மாட்டார்கள். இந்த ஒரு செலவைச் சுருக்கினால் எல்லாருக்கும் எரிச்சல்தான் மிஞ்சும்.

ஊர் சுற்றுவதைப் போட்டிக்குப் பிறகு வைத்துக்கொண்டால் அவரும் வருவார். ஆனால் புதன், வியாழனில் நீங்கள் மட்டும் போகக்கூடிய இடங்களும் இருக்கின்றன. மச்சின்சாங் மலைக்குக் கேபிள் கார், மேலே 125 மீட்டர் நீளத்தில் வளைந்து போகும் தொங்கு பாலம்; மாமியாருக்கு உயரம் பயம் என்றால் வேண்டாம், ஏற்றம் உண்மையிலேயே செங்குத்து. கிலிம் அலையாத்திக் காடுகளில் படகுச் சவாரி எல்லா வயதுக்கும் சரிப்படும், பிச்சாவரம் பார்த்திருந்தாலும் இது வேறு மாதிரி, இங்கே சுண்ணாம்புப் பாறைகள் தண்ணீரிலிருந்து நேராக எழுந்து நிற்கும். செனாங்கிலேயே மீன் காட்சியகம் இருக்கிறது. கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. வெள்ளி மதியம் தொழுகை நேரத்தில் சில கடைகள் மூடியிருக்கும்.

போட்டியன்று சைக்கிள் பாதைக்காகச் சாலைகள் மூடப்படும், கார் எடுத்துக்கொண்டு அவரைத் துரத்திப் பார்க்கலாம் என்று கிளம்பினால் எங்காவது மாட்டிக்கொள்வீர்கள். நீச்சல் பார்க்க ஒருவர் மட்டும் போகட்டும். மற்றவர்கள் தூங்கி எழுந்து, மதியத்துக்கு மேல் ஓட்டப் பாதை ஓரமாகக் குடையோடு உட்காருங்கள். ஓட்டம் சுற்றுச் சுற்றாக அமைந்தால் திரும்பத் திரும்ப அவரைப் பார்க்கலாம். உங்களுக்குத் தெரியாது, முப்பதாவது கிலோமீட்டரில் பிள்ளைகள் குரல் கேட்பது அவருக்கு எவ்வளவு பெரிய பலம் என்று.

கே: நான் சுத்த சைவம். அங்கே சாப்பாடு கிடைக்குமா?
(திருநெல்வேலி வாசகர்)

கிடைக்கும். செனாங்கிலும் குவாவிலும் இந்தியக் கடைகள் உண்டு, சோறும் தோசையும் பரோட்டாவும் கிடைக்கும், தமிழில் பேசுபவர்களும் இருப்பார்கள். கவனிக்க வேண்டியது உள்ளூர் காய்கறிப் பொரியலை. பெலச்சான் என்கிற இறால் விழுதைச் சேர்த்திருப்பார்கள். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றின் சம்பலில் நெத்திலி இருக்கும். ஆனால் போட்டிக்கு முந்தைய இரண்டு நாள் கடைச் சாப்பாடே வேண்டாம் என்பது என் கட்சி: சின்ன ரைஸ் குக்கர் ஒன்றை எடுத்துப் போங்கள், அறையிலேயே வெறும் சோறு, தயிர், உப்பு, வாழைப்பழம். மலேசியாவில் மூன்று சதுர முள் உள்ள பிளக், அடாப்டர் மறக்காதீர்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள்.

கே: ஊட்டியில் இருக்கிறேன், பயிற்சி எல்லாம் குளிரில்தான். வெயில் தாங்குமா? ஜெல்லி மீன் வேறு உண்டாமே?
(ஊட்டி வாசகர்)

உங்களுக்கு மட்டும் செவ்வாய்க்கிழமை போதாது. வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும், ஆகவே பத்து நாள் முன்னதாகவே மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ இறங்கிப் பயிற்சி செய்துவிட்டுப் போங்கள். அங்கே போய் நாள் முழுக்க ஏசி அறையில் படுத்திருந்தால் பழகியதும் போய்விடும். கடல் வெதுவெதுப்பாக இருக்கும், குளிர் தாங்கும் நீச்சல் உடையான வெட்சூட்டைச் சுமந்து போக வேண்டாம், தண்ணீர் 24.5 டிகிரிக்கு மேல் போனால் அதைப் போட்டவர்களுக்குப் பரிசு கிடையாது, 28.8-க்கு மேல் அனுமதியே இல்லை. ஜெல்லி மீன் உண்மைதான், கொட்டினால் கடுமையான வகைகளும் இருக்கின்றன. பயிற்சி நீச்சலில் முழுக்கைச் சட்டை போடுங்கள், தனியாக இறங்காதீர்கள், கொட்டினால் நல்ல தண்ணீர் ஊற்றித் தேய்க்காமல் வினிகர் ஊற்றி உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

குரங்குகளும் உண்டு. சைக்கிளை முந்தைய நாள் ஒப்படைக்கும்போது தெம்புக்குச் சாப்பிடும் ஜெல், பார் எதையும் அதில் ஒட்டிவைக்காதீர்கள், காலையில் வைத்துக்கொள்ளலாம். டயர் காற்றையும் கொஞ்சம் இறக்கிவிடுங்கள், மதிய வெயிலில் டியூப் வெடிக்கும்.

கே: கிள்ளானிலிருந்து காரிலேயே போகலாமா?
(மலேசிய வாசகர்)

போகலாம், சைக்கிளைக் கழற்றாமல் கொண்டுபோகிற சுகம் உங்களுக்குத்தான். கோலா பெர்லிஸில் காரை ஏற்றும் ஃபெர்ரி உண்டு, போட்டி வாரத்தில் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். காரை விட்டுவிட்டுப் பயணிகள் ஃபெர்ரியில் என்றால் சைக்கிளை ஏற்றுவார்களா என்று முன்பே கேளுங்கள். ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் மறுநாள் முழு ஓய்வு.

கே: சனிக்கிழமை போட்டி, ஞாயிறு காலை விமானம், திங்கள் ஆபீஸ். சரியாக இருக்குமா?
(ஓசூர் வாசகர்)

சரியாக இருக்காது. ஃபுல் போட்டிக்குப் பதினேழு மணி நேரம் தருகிறார்கள், நீங்கள் நள்ளிரவு தாண்டி முடிக்கலாம், அதன் பிறகு சைக்கிளையும் பைகளையும் எடுத்துப் பேக் செய்ய வேண்டும், அந்த விரல்களால் ஒரு போல்ட்டைக்கூட ஒழுங்காகத் திருக முடியாது. உலகச் சாம்பியன்ஷிப்புக்கான இடங்களையும் போட்டிக்குப் பிறகு நேரில் இருப்பவர்களுக்குத்தான் பெயர் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள், முன்னால் இருப்பவர் வேண்டாம் என்று விட்டால் அது கீழே இறங்கி வரும், உங்கள் பெயர் கூப்பிடும்போது நீங்கள் விமானத்தில் இருக்கக் கூடாது. திங்கள் மதியத்துக்கு மேல் டிக்கெட் போடுங்கள், ஆபீஸுக்கு இன்றே செவ்வாய் வரை லீவு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.