21-ஐ யார் சொன்னது?

கேள்வி: எந்தப் பழக்கமானாலும் 21 நாள் விடாமல் செய்தால் ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள். தினமும் உடற்பயிற்சி என்று மூன்று முறை தொடங்கினேன். முதலில் 9-ம் நாள், அப்புறம் 14-ம் நாள், கடைசியாக 19-ம் நாள் தவறிப்போனது. ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டியிருக்கிறது. மன உறுதி இல்லாதவனுக்கு வழியே கிடையாதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் மன உறுதி இருக்கட்டும், முதலில் அந்த 21-ஐப் பார்ப்போம். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று ஓர் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன். முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்குத் தன் புது முகம் பழகிப்போகக் குறைந்தது 21 நாள் போல ஆகிறது என்று 1960-ல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். கண்ணாடி பார்த்துப் பழகுவது வேறு, தண்டால் எடுத்துப் பழகுவது வேறு. அந்த வரி வாய்க்கு வாய் மாறியதில் 'குறைந்தது' உதிர்ந்தது, முகமும் உதிர்ந்தது. 21 மட்டும் மிஞ்சி உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

நிஜமாகவே எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியின் குழு 96 பேரை 84 நாள் கவனித்தது. ஆளுக்கு ஒரு புதுச் செயல்: சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் ஓட்டம், இப்படி. யோசிக்காமல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சிலருக்கு 18 நாள் போதுமாக இருந்தது. சிலருக்கு 254 நாள். (84 நாள் ஆய்வில் 254 எப்படி என்று கேட்பீர்கள். பழக்கம் படிந்துவருவதைக் காட்டிய வரைகோட்டை நீட்டிப் போட்ட கணக்கு அது.) எல்லோரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண் 66. அதையும் சுவரில் எழுதி ஒட்டிவிடாதீர்கள். கணக்கு நன்றாகப் பொருந்தி வந்தது 39 பேருக்குத்தான். தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி இழுத்தது.

உங்களுக்கு வேண்டிய சேதி அதே ஆய்வில் இருக்கிறது. ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை. பழக்கம் வேரூன்றும்வரை ஒரு விதிவிலக்குக்கும் இடம் கொடுக்காதே, சுற்றும் நூல்கண்டு ஒருமுறை கை நழுவினால் எத்தனையோ சுற்று அவிழ்ந்துபோகும் என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-ல் எச்சரித்திருந்தார். பெரிய மனிதர்தான், ஆனால் இந்த இடத்தில் கொஞ்சம் அதிகமாகவே பயமுறுத்திவிட்டார்.

சரி, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன். உடற்பயிற்சியை எப்போது செய்கிறீர்கள்? 'தினமும்' என்பது நேரமில்லை. எந்த இடத்தில், எதை முடித்த கையோடு? எத்தனையாவது நாள் என்பது மட்டும் உங்களுக்குத் துல்லியமாகத் தெரிகிறது.

போன மாதம் என் மேஜைக்கு இடப்பக்கம் இருந்த குப்பைக்கூடையை வலப்பக்கம் மாற்றினோம். மாற்றச் சொன்னதே நான்தான். அப்படியும் பத்து நாள் கசக்கிய காகிதமெல்லாம் இடப்பக்கத் தரையில்தான் விழுந்தது. கை என்னைக் கேட்கவில்லை, பழைய இடத்தைக் கேட்டது. ஒரு சினிமா தியேட்டரில் செய்த சோதனையிலும் இதே கதைதான். ஏழு நாள் பழசான நமத்த பாப்கார்னைக் கொடுத்தார்கள். படம் பார்க்கும்போது பாப்கார்ன் தின்றே பழகியவர்கள், புதிதாகப் பொரித்ததைத் தின்ற அளவுக்கு அதையும் தின்றார்கள். ருசி பிடித்ததா என்றால் இல்லை. தியேட்டரில் உட்கார்ந்ததும் கை போய்விட்டது. பழக்கமில்லாத கையால் எடுக்கச் சொன்னபோதுதான் வேகம் குறைந்தது.

ஆகவே மன உறுதியைத் தேடி அலையாமல், ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு வேலையைப் பிடியுங்கள். பல் தேய்த்து பிரஷ்ஷை வைத்ததும், அதே இடத்தில், ஐந்து தண்டால். ஐம்பது என்று ஆரம்பித்தால் உடம்பு வலிக்கிற முதல் நாளே சாக்கு கிடைத்துவிடும். இரவு வேலை, பயணம் என்று பல் தேய்க்கும் நேரம் மாறினாலும் பரவாயில்லை. பிரஷ்ஷைக் கீழே வைப்பதுதான் மணியடிப்பது, கடிகாரம் இல்லை.

நான்காவது முறை தொடங்க வேண்டாம். மூன்றாவது முறை இன்னும் முடியவில்லை, நடுவில் சில நாள் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவே. நாள் எண்ணிய அந்தத் தாளை எங்களுக்கு அனுப்பிவையுங்கள். கூடை இப்போது வலப்பக்கம் இருக்கிறது.