நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள்: கோழி இனம் அறியக் கேள்வி பதில்

திருகோணமலை மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லப்படுகிறது. இறகின் நிறத்தை மட்டும் எழுதி "இது என்ன இனம்?" என்று கேட்டால் எவராலும் சொல்ல முடியாது. தலையிலுள்ள பூ, காதுச்சோணை, கால் நிறம், விரல் எண்ணிக்கை, தோல் நிறம், அதன் பிறகுதான் இறகு. முற்றத்தில் திரியும் கோழிகளில் பெரும்பாலானவை கலப்பு. ஆகவே சில பதில்களில் இனத்தின் பெயரே இராது. எந்த இயல்பு எப்படி வந்தது என்பதுதான் இருக்கும்.

நிலாவெளி: ரோட் ஐலண்ட் ரெட் என்று சொல்லிச் சிவப்புப் பேடுகள் தந்தவங்கள். பண்ணை லேயரோ என்று சந்தேகம். எப்பிடிப் பிடிக்கிறது?

முதலில் சொண்டு. நுனி வெட்டப்பட்டிருந்தால் அது அநேகமாக முட்டைப் பண்ணையில் கழித்த கோழி. அடுத்து முதுகு இறகை விரலால் பிரித்து அடியைப் பாருங்கள். நல்ல ரோட் ஐலண்ட் ரெட்டில் தோல் வரை சிவப்பு இறங்கும். கபில லேயரில், அதாவது பண்ணை முட்டைக் கோழியில், அடித்தூவி வெள்ளையாக இருக்கும், வாலிலும் செட்டையிலும் வெள்ளை இறகு கலந்திருக்கும். ரோட் ஐலண்ட் ரெட்டின் வால் பச்சை மினுக்கத்தோடு கறுப்பு, உடல் கருஞ்சிவப்பு. வளர்ந்த பேடு தரப்படி 3 கிலோவுக்குக் கிட்ட வரும், சேவல் 3.9 கிலோ வரை. லேயர் 2 கிலோ அளவில் நின்றுவிடும். நிறம் வெளிர் சிவப்பாக இருந்து உடம்பும் கனமாக இருந்தால் நியூ ஹம்ப்ஷயராகவும் இருக்கலாம். அதுவும் ரோட் ஐலண்ட் ரெட்டிலிருந்து பிரித்தெடுத்ததுதான்.

லோமன் பிரவுண், ஹைலைன் பிரவுண், ஷேவர் பிரவுண் எல்லாம் இனங்கள் அல்ல, கலப்பு வர்க்கங்கள். தகப்பன் வழி பொன்னிறம், தாய் வழி வெள்ளி நிறம். இந்த நிறத்துக்கான பரம்பரையலகு (ஜீன்) ஆண் பெண்ணைத் தீர்மானிக்கும் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருப்பதால் பொரித்த அன்றே பேட்டுக் குஞ்சு கபிலம், சேவல் குஞ்சு வெளிர் மஞ்சள். கபில லேயர் என்று சொல்லி மலிவாக வெளிர் மஞ்சள் குஞ்சு தந்தால் வாங்குவது சேவல்தான். இந்தப் பேடுகளின் முட்டையை அடைவைத்தால் தாயைப் போல முட்டையிடும் குஞ்சுகளை எதிர்பார்க்க வேண்டாம்.

மூதூர்: மஞ்சள் காலோட வாங்கின பேட்டுக்கு இப்ப கால் வெள்ளை. கோழியை மாத்திப்போட்டாங்களா அண்ணன்?

இல்லை. நன்றாக முட்டையிடுகிறது என்பதற்கு அது அடையாளம். மஞ்சள் தோல் கோழியில் தீனியின் மஞ்சள் சாயம் முட்டைக் கருவுக்குப் போகத் தொடங்கியதும் உடம்பு வெளுக்கும். ஒரு ஒழுங்கில்தான் வெளுக்கும்: முதலில் எச்சத்துவாரத்தைச் சுற்றி, பிறகு கண்ணோரம், காதுச்சோணை, சொண்டு, கடைசியாகக் கால். எச்சத்துவாரம் ஒரு வாரத்துக்குள் வெளுத்துவிடும். சொண்டுக்கு ஆறு வாரமளவில் ஆகும். கால் முழுதும் வெளுக்க நாலைந்து மாதம். முட்டை நின்றால் அதே ஒழுங்கில் மஞ்சள் திரும்பும். சொண்டின் அடியில் மஞ்சள், நுனியில் வெள்ளை என்றால் அண்மையில் முட்டை நிறுத்திய கோழி. சந்தையில் முட்டைக் கோழி வாங்குபவர் பேச்சைக் கேட்கிறதை விட இதைப் பார்க்கலாம்.

ஒன்று கவனிக்க வேண்டும். தவிடும் குறுணலும் மட்டும் தின்னும் கோழிக்கு முட்டையிடாவிட்டாலும் கால் வெளுத்தே இருக்கும், மஞ்சள் சாயம் சோளத்திலும் கீரையிலும் இருந்துதான் வருகிறது. ஆஸ்திரலோர்ப் போன்ற வெள்ளைத் தோல் இனங்களில் இந்தக் கணக்குச் செல்லாது.

கிண்ணியா: கடக்நாத் என்று ஒரு சோடி வாங்கினேன் நானா. இறகு முழுக்கக் கறுப்பு, பூ சிவப்பு. சரியானதா?

பேட்டின் பூவும் முகமும் தெளிவான சிவப்பு என்றால் சந்தேகப்படுங்கள். கடக்நாத் மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதி இனம். அதில் இறகு மட்டுமல்ல, தோலும் நாக்கும் உள்வாயும் கறுக்கும், பூ கருஞ்சாம்பல் அல்லது ஊதா. சேவலில் ஓரளவு சிவப்பு ஓடுவதுண்டு. சொண்டைத் திறந்து நாக்கைப் பாருங்கள், செட்டையைத் தூக்கித் தோலைப் பாருங்கள், கடைசியாக உள்ளங்கால். தோலும் உள்ளங்காலும் வெள்ளை, கால் கருஞ்சாம்பல், பூ சிவப்பு என்றால் அது ஆஸ்திரலோர்ப் அல்லது அதன் கலப்பு. அதுவும் மோசமான கோழி இல்லை, நல்ல முட்டைக் கோழி. கடக்நாத் விலை கொடுக்கத் தேவையில்லை, அவ்வளவுதான்.

தோல் கறுப்பாக இருந்து விரல் ஐந்து, தலையில் இறகுக் கொண்டை, காலில் இறகு என்றால் சில்கி என்ற இனத்தின் கலப்பு. கடக்நாத்துக்கு நாலு விரல்தான். கறுப்புத் தோல் ஆட்சியுள்ள இயல்பு என்பதால் ஒரு பக்கம் மட்டும் கடக்நாத்தாக இருந்தாலும் குஞ்சு கறுக்கலாம்; தோலை மட்டும் வைத்துச் சுத்தம் என்று முடிவு கட்ட முடியாது. கறுப்பு முட்டை என்று எவராவது விற்றால் வாங்க வேண்டாம். கடக்நாத்தின் முட்டை வெளிர் கபிலம்.

பாலையூற்று: காதுச்சோணை வெள்ளை என்றால் வெள்ளை முட்டை, சிவப்பென்றால் கபில முட்டையாம். உண்மையா?

லெகோன், மினோர்க்கா போன்ற மத்தியதரைக் கடல் இனங்களில் சரி வரும். டோர்க்கிங்குக்குச் சிவப்புச் சோணை, முட்டை வெள்ளை. கலப்பு ஊர்க்கோழியில் நம்ப வேண்டாம்.

தம்பலகாமம்: சேவலுக்கு மூன்று வரிசையாகப் பதிந்த சின்னப் பூ. பேட்டுக்கு வாள் மாதிரி ஒற்றைப் பூ. குஞ்சுகளில பாதிக்கு ஒற்றைப் பூ. வேற சேவல் வந்து மிதிச்சிருக்குமோ?

அப்படி நினைக்கத் தேவையில்லை. உங்கள் சேவலில் இருப்பது பட்டாணிப் பூ. அசீல், பிரம்மா இனங்களில் காண்பது. அதற்கான பரம்பரையலகு ஒன்று மட்டும் சேவலில் இருந்தால் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி ஒற்றைப் பூவோடுதான் வரும். தாய் வழி ஒன்று, தகப்பன் வழி ஒன்று என்று சேவலில் இரண்டும் இருந்தால் எல்லாக் குஞ்சும் ஏதோ அளவில் பதிந்த பூவோடு வரும், சில தாயின் பூவுக்கும் தகப்பன் பூவுக்கும் நடுவில் நிற்கும். பட்டாணிப் பூவும், ரோசாப் பூ என்ற இன்னொரு பூ வகையும் ஒரே குஞ்சில் சேர்ந்தால் மூன்றாவதாக வாதுமைப் பருப்பு மாதிரிச் சுருங்கிய பூ உருவாகும். பரம்பரையியல் அறிஞர்கள் பேட்சனும் புன்னெற்றும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை வைத்துத்தான் இரண்டு பரம்பரையலகுகள் சேர்ந்து ஒரு இயல்பை ஆக்கும் என்று காட்டினார்கள்.

பட்டாணிப் பூவை மட்டும் பார்த்து அசீல் என்று சொல்லாதீர்கள். சின்னத் தாடி, முன்தள்ளிய புருவ எலும்பு, நிமிர்ந்த நிலை, உடம்போடு ஒட்டிய குறுகிய கடின இறகு எல்லாம் சேர வேண்டும்.

உப்புவெளி: கழுத்தில இறகு இல்லாத குஞ்சுகள் பொரிச்சிருக்கு. நோயா?

பொரித்த அன்றே கழுத்து வெறுமையாக இருந்தால் நோயில்லை, பிறவி இயல்பு. நல்லாயிருந்த கோழிக்குப் பிறகு இறகு போயிருந்தால், முளை இறகோ இரத்தப் புள்ளியோ தெரிந்தால், மற்றக் கோழி கொத்துகிறது அல்லது இறகு மாற்றுகிறது.

கழுத்தின் அடியில் முன்பக்கம் ஒரு இறகுக் குஞ்சம் இருந்தால் அந்தக் கோழிக்கு வெறுங்கழுத்துப் பரம்பரையலகு ஒன்றுதான். குஞ்சம் இல்லாமல் வழித்துவிட்டால் போல இருந்தால் இரண்டு. இரண்டுள்ள கோழிக்கு உடம்பு முழுவதுமே ஏறத்தாழ நாற்பது வீதம் இறகு குறைவு. கச்சான் வீசும் மாதங்களில் எங்கள் பக்கத்து வெக்கைக்கு இது நல்ல இயல்பு, கழிக்காதீர்கள்.

வெருகல்: குட்டைக்கால் சேவலும் குட்டைக்கால் பேடும். ஒவ்வொரு அடையிலும் நாலில ஒரு பங்கு முட்டை கெட்டுப்போகுது.

அது உங்கள் அடைவைப்பின் பிழை அல்ல. குட்டைக்கால் பரம்பரையலகு இரண்டு சேர்ந்த கரு பொரிக்காது. ஏழாம் நாள் இருட்டில் டோர்ச் பிடித்துப் பாருங்கள். சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு செத்துவிட்டது, எடுத்துவிடலாம். சாதாரணக் கால் சேவலை விட்டால் குஞ்சில் பாதி குட்டைக்கால், இந்த இழப்பும் இல்லை. சுருண்ட இறகுக் கோழிகளையும் ஒன்றோடொன்று சேர்க்காதீர்கள். நாலில் ஒன்றுக்கு இறகு முறிந்து உதிரும், மாரி மழையில் தாங்காது.

கந்தளாய்: லேயர்க் குஞ்சின் செட்டையைப் பார்த்து ஆண் பெண் சொல்றாங்க. ஊர்க்கோழிக் குஞ்சில ஏன் பிழைக்குது?

வேகமாக இறகு முளைக்கும் தகப்பன், மெதுவாக முளைக்கும் தாய் என்று திட்டமிட்டுக் கலந்த வர்க்கத்தில் மட்டுமே அது பலிக்கும். அதிலும் முதல் ஓரிரு நாள்தான்: பேட்டுக் குஞ்சில் செட்டையின் நீள இறகு மூடும் இறகைத் தாண்டும், சேவல் குஞ்சில் இரண்டும் ஒரே நீளம். ஊர்க்கோழியில் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுங்கள். இடுப்பு இறகு கூராக நீண்டால் சேவல், முனை வட்டமாக இருந்தால் பேடு.

குச்சவெளி: கால் முழுக்கச் சொரசொரப்பு, செதில் தூக்கி நிக்குது. காலில இறகு முளைக்கிற இனமா?

இல்லை, செதிலுக்கு அடியில் உண்ணி. இளஞ்சூட்டு சோப்புத் தண்ணீரில் காலை ஊறவிட்டு, பழைய பல் துலக்கும் தூரிகையால் மெதுவாகத் தேய்த்து, துடைத்து, தேங்காயெண்ணெய் அல்லது வசிலின் தடவுங்கள். செதிலைப் பிய்க்க வேண்டாம், இரத்தம் வரும். வாரத்துக்கு ஒருமுறை, செதில் படியும் வரை. கூட்டில் இருக்கும் தடிகளையும் அன்றே கழுவி வெயிலில் போடுங்கள். இல்லாவிட்டால் மற்றக் கோழிகளுக்கும் ஏறும்.