5 டி.பி. ஒன்றா, 2 டி.பி. இரண்டா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் சின்னதாகப் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, சீமந்தம் என்று ஒரு விசேஷத்துக்குப் படமும் வீடியோவுமாக 100 ஜி.பி. ஆகிறது. லேப்டாப் நிரம்பிவிட்டது. 5 டி.பி. போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, பழையதையெல்லாம் அதற்கு மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன். தம்பியோ எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) வாங்கச் சொல்கிறான், 16 டி.பி. எஸ்.எஸ்.டி.யே ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறதாம். எதை வாங்குவது?

பதில்: அந்த இரண்டாயிரம் ரூபாய் சரக்கைத் தொடவே வேண்டாம். அப்படி ஒன்றை வாங்கி ஏமாந்தவர் கொண்டுவந்து கொடுத்ததைத் திறந்து பார்த்திருக்கிறேன். பளபளக்கும் அலுமினிய உறைக்குள் விரல் நகமளவு மெமரி கார்டு ஒன்று பசை போட்டு ஒட்டியிருந்தது. கணினியில் 16 டி.பி. என்று காட்டும்படி ஃபர்ம்வேரை, அதாவது அதை இயக்கும் உள் மென்பொருளை, மாற்றிவிடுகிறார்கள். உள்ளே இடம் தீர்ந்த பிறகும் காப்பி ஆவது போலவே ஓடும். ஃபைலின் பெயர் இருக்கும், படம் திறக்காது. பர்மா பஜாரோ, ரிச்சி ஸ்ட்ரீட்டோ, ஆன்லைனோ, எங்கே வாங்கினாலும் பில் கேளுங்கள். டிஸ்கின் சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு, வாரன்டி காட்டுகிறதா என்று உடனே பார்த்துவிடுங்கள்.

அடுத்து, ‘மாற்றிவிடலாம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்தான் எனக்குக் கவலை தருகிறது. டிஸ்கில் போட்டுவிட்டு லேப்டாப்பில் அழித்தால் உங்கள் கையில் இருப்பது ஒரே பிரதி. எந்த டிஸ்கும் என்றாவது ஒருநாள் போகத்தான் போகிறது. உள்ளிருந்து ‘டக்... டக்...’ என்று சத்தம் வரும் டிஸ்கைத் துணியில் சுற்றிக்கொண்டு வருபவர்களின் முகத்தைப் பலமுறை பார்த்தாயிற்று. ரெக்கவரிக்கு ஆகும் செலவில் புது டிஸ்க் பல வாங்கலாம், அப்படியும் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. பொதுவாக வாரன்டியில் புது டிஸ்க் கிடைக்கும், உங்கள் படங்கள் கிடைக்காது. தாலி கட்டிய நேரத்தை யாராலும் மறுபடி எடுத்துத் தர முடியாது.

அதனால் 2 டி.பி. ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, இரண்டிலும் ஒரே சரக்கைப் போடுங்கள். விண்டோஸ் அதை 1.81 டி.பி. என்று காட்டும், பயப்படாதீர்கள். கம்பெனி ஆயிரத்தால் கணக்கிடுகிறது, விண்டோஸ் 1024-ஆல். உங்கள் கணக்குக்குப் பதினெட்டு விசேஷம் அடங்கும். தை, வைகாசி முகூர்த்தங்களில் அதற்கு மேல் போகும் என்றால் 4 டி.பி.யாக எடுங்கள், ஆனால் ஜோடியாக.

எஸ்.எஸ்.டி. நல்ல பொருள்தான். கீழே விழுந்தாலும் தாங்கும், சாதாரண ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 120 எம்.பி. எழுதும் இடத்தில் இது 500 வரை போகும். எடிட்டிங்குக்கு அதுதான் சுகம். ஆனால் வேலை முடிந்த படங்களை வருடக்கணக்கில் அலமாரியில் போட்டுவைக்க அது தோதுப்படாது. மின்சாரமே காட்டாமல் கிடந்தால் படங்களைப் பதிந்து வைத்திருக்கும் மின்னூட்டம் மெல்லக் கசிந்து, படங்கள் கெடலாம். காசு மிஞ்சினால் பிறகு ஒரு 1 டி.பி. எஸ்.எஸ்.டி. வாங்கி எடிட்டிங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு டிஸ்கையும் ஒரே மேஜை டிராயரில் வைத்தால் இரண்டு வாங்கியதே வீண். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் எத்தனை தரைத்தளங்களில் தண்ணீர் புகுந்தது என்று உங்களுக்கே தெரியும். ஒன்று ஸ்டுடியோவில் இருக்கட்டும். மற்றது வீட்டில், முடிந்தால் மாடியில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் இருக்கட்டும். கடற்காற்றின் ஈரம் கேபிள் செருகும் பின்னைப் பதம் பார்க்கும்.

பின் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஹார்ட் டிஸ்குகள் பலவற்றில் நடுவில் பிளந்த, அகலமான மைக்ரோ-பி பின்தான் வருகிறது. அது ஆட்டம் கண்டால் டிஸ்கின் இணைப்பு விட்டுவிட்டுப் போகும். சில மாடல்களில் இந்தப் பின் உள்ளே இருக்கும் டிஸ்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், கழற்றி வேறு உறையில் போட வழியில்லை. கேபிளை நேராகப் பிடித்து உருவுங்கள். டிஸ்க் ஓடும்போது நகர்த்தவே கூடாது. உள்ளே சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் நடுவே முடியிழை நுழையும் இடைவெளிகூடக் கிடையாது.

யு.எஸ்.பி. 3 போர்ட்டில்தான் செருகுகிறீர்களா என்றும் பாருங்கள். 100 ஜி.பி. அதில் கால் மணி நேரத்தில் முடியும், பழைய யு.எஸ்.பி. 2 என்றால் முக்கால் மணி நேரம். ஆல்பம் போடுபவர் மேக் வைத்திருந்தால், விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுதக்கூடிய எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். முறையே போதும்.

கேமரா கார்டை அழிப்பதற்கு முன் இரண்டு டிஸ்கிலும் முகூர்த்தப் படங்களையும் ஒரு நீள வீடியோவையும் திறந்து பாருங்கள். இரண்டிலும் ஓடினால் அழிக்கலாம்.