விஞ்ஞான பாடத்தில் பிள்ளைகளே தேடிக் கற்பது: கேள்வி பதில்

கொழும்பில் நீண்ட காலம் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி (தரம் 10 ஆசிரியர், கொட்டாஞ்சேனை): மிஸ், வகுப்பில் 40 பிள்ளைகள். பாடவேளை 40 நிமிடம். ஆய்வுகூடம் கிடைப்பதே அபூர்வம். பிள்ளைகளே கேள்வி எழுப்பித் தேடுவதெல்லாம் நடக்கிற காரியமா?

பதில்: நடக்கும். சின்னதாகத் தொடங்குங்கள். ஊசலை எடுங்களேன்: நூல், ஹாட்வெயார் கடை நட்டு, உங்கள் கைபேசிக் கடிகாரம், அவ்வளவுதான். "எதை மாற்றினால் அலைவு நேரம் (ஒரு தடவை போய்வர எடுக்கும் நேரம்) மாறும்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். (அதுதான் கஷ்டம்.) அநேகமாக "பாரம்" என்பார்கள். சரி, செய்து பார்க்கட்டும். 25 சென்ரிமீற்றர் ஊசல் 10 அலைவுக்கு ஏறக்குறைய 10 செக்கன் எடுக்கும். ஏதாவது ஒரு குழு இரண்டாவது நட்டை முதலாவதற்குக் கீழே கட்டித் தொங்கவிட்டு, "பாரம் கூடினால் மெதுவாக ஆடுது மிஸ்" என்று தரவோடு வந்து நிற்கும். பிழை என்று சொல்லிவிடாதீர்கள். "நீளத்தை எங்கிருந்து எதுவரை அளந்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். நட்டு கீழே இறங்கியதில் நீளமும் கூடிவிட்டதை யாராவது பிடித்துவிடுவார்கள். ஒரு தடவையில் ஒரு மாறியைத்தான் மாற்ற வேண்டும் என்பது அப்போது அவர்களுடைய கண்டுபிடிப்பு. அடுத்த பாடவேளையில் நீளத்தை 4 மடங்காக்கட்டும். நேரம் 2 மடங்குதான் ஆகும். ஏன் என்று அவர்களே கேட்பார்கள்.

கேள்வி (புதிய ஆசிரியை, தெஹிவளை): ஆசிரியர் தலையிடவே கூடாது என்று பயிற்சியில் சொன்னார்கள். சரியா?

பதில்: எனக்கு உடன்பாடில்லை. வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் புதிதாகக் கற்பவர்களுக்கு உதவாது என்று கேர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய கல்வி ஆய்வாளர்கள் 2006இலேயே வாதிட்டார்கள். அதற்காகத் தேடலைக் கைவிடத் தேவையில்லை. பஞ்சி, பெல் என்ற இரு கல்வி ஆய்வாளர்கள் 2008இல் இந்தத் தேடலை 4 படிகளாகப் பிரித்தார்கள். முதற்படியில் கேள்வி, முறை, விடை எல்லாம் ஆசிரியர் தருவது. கடைசிப் படியில் கேள்வியே பிள்ளையுடையது. மேலே சொன்ன ஊசல் மூன்றாம் படி: கேள்வி உங்களுடையது, முறை அவர்களுடையது. அங்கே நிறைய நாள் நில்லுங்கள். நம் நாட்டில் 2007 கல்விச் சீர்திருத்தத்தோடு வந்த 5 படிக் கற்பித்தல் முறையிலும் (5E) விளக்குதல் மூன்றாவதாக வருகிறதே தவிர, இல்லாமல் போகவில்லை.

கேள்வி (தாய், வெள்ளவத்தை): மகனுக்கு அடுத்த வருஷம் சாதாரண தரம். பரிசோதனை என்று நேரம் போனால் புள்ளி குறையாதா?

பதில்: வினாத்தாளை எடுத்துப் பாருங்கள் அம்மா. பரிசோதனை அமைப்பின் படத்தைப் போட்டு, "கட்டுப்பாடு (ஒப்பிட்டுப் பார்க்க மாற்றாமல் வைக்கும் அமைப்பு) எது, ஏன் வைத்தார்கள்" என்றும் கேட்கிறார்கள். கையால் செய்தவனுக்கு அது லேசு. கடந்தகால வினாத்தாளும் செய்யட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாரத்தில் ஒரு டியூஷனைக் குறைத்தால் இரண்டுக்கும் நேரம் வரும்.

கேள்வி (தரம் 9 மாணவி): பேர வாவி ஏன் பச்சையாக இருக்கிறது என்று கேட்டேன். "பாடத்திட்டத்தில் இல்லை" என்றார் சேர்.

பதில்: பாசி, மகள். கழிவுநீரோடு வரும் நைதரசனும் பொசுபரசும் அதற்குச் சாப்பாடு. நம்பாதே, சோதித்துப் பார். மீன்தொட்டித் தண்ணீரை இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் சம அளவு எடு. ஒன்றில் மட்டும் பூச்செடி உரம் ஒரு சிட்டிகை. இரண்டையும் ஒரே ஜன்னலில் வைத்து, இரண்டு மூன்று கிழமைக்குத் தினமும் அதே நேரத்தில் படம் எடு. போத்தல் வாயை மெல்லிய துணியால் கட்ட மறக்காதே. நுளம்பு முட்டையிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து உன் அப்பாவைத்தான் கேட்பார்.