நல்ல இன்ஜினா, பக்கத்து டீலரா? டிராக்டர் வாங்கும் முன் ஒரு கணக்கு

கேள்வி: வணக்கம் சார். மன்னார்குடி பக்கத்தில் எங்களுக்கு 6 ஏக்கர் நஞ்சை. குறுவை, தாளடி இரண்டும் செய்கிறோம். இத்தனை வருஷம் வாடகை டிராக்டரை நம்பித்தான் உழவு. இப்போது சொந்தமாக 45 எச்.பி. வண்டி ஒன்று எடுத்து, எங்கள் வேலை போக ஊரில் வாடகைக்கும் ஓட்டலாம் என்று இருக்கிறேன். ஓட்டப்போவது நானேதான். வருஷத்துக்கு 600 மணி நேரம் ஓடும் என்று நினைக்கிறேன். இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, 'இன்ஜின் என்றால் அதுதான்' என்று எல்லோரும் சொல்கிற கம்பெனி. 7.9 லட்சம். மணிக்கு அரை லிட்டர் டீசல் மிச்சம் என்கிறார்கள். ஆனால் டீலர் தஞ்சாவூரில் இருக்கிறார், எங்கள் ஊரிலிருந்து 45 கிலோமீட்டர். இன்னொன்று எங்கள் ஊரில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் வைத்திருக்கும் வண்டி. 7.3 லட்சம். டீலர் மன்னார்குடியிலேயே, 8 கிலோமீட்டர்தான். கையில் 2.5 லட்சம் இருக்கிறது. மீதிக்கு 8 சதவீத வட்டியில் கடன் ஏற்பாடு செய்து தருவதாக இரண்டு டீலர்களுமே சொல்கிறார்கள். நல்ல வண்டியாக எடுக்க வீட்டு நகையை 60,000 ரூபாய்க்கு அடகு வைக்கலாமா?

பதில்: நகையை வைக்க வேண்டாம். மன்னார்குடி டீலரின் ஒர்க்‌ஷாப் நான் கீழே சொல்லும் சோதனையில் தேறினால் 7.3 லட்சம் வண்டியையே எடுங்கள். தேறவில்லை என்றால் இரண்டையும் விட்டு மூன்றாவதாக ஒன்றைத் தேடலாம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

கம்பெனிப் பெயர்களை நான் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ஒரே கம்பெனிக்கு ஒரு ஊரில் அருமையான டீலர் இருப்பார், அடுத்த தாலுகாவில் போனை எடுக்காத டீலர் இருப்பார். இன்னொன்றும் கவனியுங்கள். ஸ்வராஜ் இன்று மஹிந்திரா குழுமத்தில் இருக்கிறது. ஐஷர் டிராக்டர் டாஃபே கையில் இருக்கிறது. ஃபார்ம்டிராக்கும் பவர்டிராக்கும் எஸ்கார்ட்ஸ் குபோட்டாவினுடையவை. முதலாளி ஒருவரே என்றாலும் பெயருக்குப் பெயர் டீலர் வேறு, உதிரிபாகம் வேறு. பானெட்டில் இருக்கும் பெயரை வைத்து உங்கள் ஊரில் என்ன சர்வீஸ் கிடைக்கும் என்று சொல்லிவிட முடியாது.

முதலில் அந்த அரை லிட்டர். அது உண்மை என்றே வைத்துக்கொள்வோம், ஏனென்றால் அது சின்ன விஷயமல்ல. டீசல் லிட்டர் 92 ரூபாய் என்றால் மணிக்கு 46 ரூபாய் மிச்சம். 600 மணி நேரத்துக்கு 27,600 ரூபாய். நல்ல தொகைதான். ஆனால் வண்டிக்கு 60,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். முதல் இரண்டு வருஷத்து மிச்சம் அதை அடைக்கவே போய்விடும். மூன்றாவது வருஷத்திலிருந்துதான் அந்த 27,600 உங்கள் கைக்கு வரும்.

இப்போது மறுபக்கம். மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் சுழல் கலப்பையான ரோட்டோவேட்டர் ஓட்ட உங்கள் பகுதியில் மணிக்கு 1,200 ரூபாய் வாடகை என்று கொள்வோம். டீசலுக்கு 500 ரூபாயும் ஆயில், தேய்மானத்துக்கு 100 ரூபாயும் போனால் 600 நிற்கும். சீசனில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் ஓடினால் 4,800 ரூபாய். அதாவது, 27,600 ரூபாய் டீசல் மிச்சம் என்பது சீசனில் வண்டி ஆறு நாள் நின்றால் காலியாகிவிடும் பணம். உங்கள் கேள்வி முழுவதும் இந்த ஆறு நாளில் அடங்கியிருக்கிறது. டீலர் 45 கிலோமீட்டரில் இருப்பதால் வருஷத்துக்கு ஆறு நாள் கூடுதலாக வண்டி நிற்குமா, நிற்காதா?

டெல்டாவில் நிற்கும் என்றுதான் சொல்வேன். சேற்றுழவு டிராக்டரை மற்ற வேலைகளைவிடப் பாடாய்ப் படுத்தும். கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரம் போட்டு நாள் முழுக்கச் சேற்றில் ஓடும்போது அச்சு சீல் வழியாகச் சேறும் தண்ணீரும் உள்ளே புகும். கிளட்ச் தேயும். பின்னால் மாட்டிய கருவியைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் மக்கர் செய்யும். இவை இன்ஜின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வருகிற கோளாறுகள். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் ஊரே ஒரே வாரத்தில் உழவுக்கு இறங்கும். அப்போது உங்கள் வண்டி மட்டுமல்ல, அந்த டீலரிடம் வாங்கிய எல்லா வண்டியும் அவரைக் கூப்பிடும். தஞ்சாவூர் மெக்கானிக் முதலில் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துவிட்டுத்தான் 45 கிலோமீட்டர் வருவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. அப்பா ஊர் மெச்சும் ஒரு வண்டியை எடுத்தார். இன்ஜின் கடைசிவரை ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. ஆனால் ஒரு தாளடி நடவு சமயத்தில் ஹைட்ராலிக் தூக்கவில்லை. ஒரு பாகம் சென்னையிலிருந்து வரவேண்டும் என்றார்கள். ஒன்பது நாள் வண்டி களத்திலேயே நின்றது. வாடகைப் பணம் போனது ஒரு பக்கம். நாற்று முற்றுகிறதே என்று பதறிய நான்கு வாடிக்கைக்காரர்கள் பக்கத்து ஊர் வண்டியைக் கூப்பிட்டார்கள். அடுத்த வருஷமும் அந்த வண்டியையே கூப்பிட்டார்கள். என் 4,800 கணக்கில் அந்த இழப்பு சேரவில்லை. சேர்த்தால் ஆறு நாள்கூட வேண்டாம், மூன்று நாளே போதும்.

ஊரில் ஏழெட்டுப் பேர் அதே வண்டி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, டீலர் பக்கத்தில் இருப்பதைவிட அது பெரிய பலம். அந்த வண்டியைப் பிரித்துப் போட்டுப் பழகிய வெளி மெக்கானிக் ஒருவர் சுற்றுவட்டாரத்தில் கட்டாயம் இருப்பார். ஃபில்டரும் பெல்ட்டும் கடைத்தெருவிலேயே கிடைக்கும். நாளைக்கு டீலர் ஏஜென்சியையே விட்டுவிட்டுப் போனாலும் உங்கள் வண்டி ஓடும். விற்கும்போதும் ஊருக்குத் தெரிந்த வண்டியைத்தான் தேடி வருவார்கள்.

ஆனால் பக்கத்தில் இருப்பதாலேயே அவர் நல்ல டீலர் ஆகிவிட மாட்டார். ஷோரூமைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பின்பக்கம் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். உதிரிபாக கவுன்டரில் கிளட்ச் பிளேட், முன் அச்சு சீல், ஹைட்ராலிக் பம்ப் சீல் கிட், ஃபில்டர் செட் நான்கையும் கேளுங்கள். 'இருக்கிறது' என்ற பதில் போதாது, எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், விலையையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பொருளுக்கு மேல் 'சொன்னால் வரவழைத்துத் தருகிறோம்' என்றால், 8 கிலோமீட்டரில் இருந்தும் அவர் சென்னையில் இருப்பதற்குச் சமம். அப்புறம் மெக்கானிக்குகளிடம் பேச்சுக் கொடுங்கள். எத்தனை வருஷமாக இங்கே வேலை, வயலுக்கே வருவார்களா, வந்தால் தனிக் கட்டணமா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிற ஒர்க்‌ஷாப் என்றால் யோசிக்க வேண்டியதுதான்.

உங்கள் ஊரில் அந்த வண்டி வைத்திருப்பவர்களில் இலவச சர்வீஸ் முடிந்து மூன்று வருஷம் ஆனவரைத் தேடிப் பேசுங்கள். புதிதாக வாங்கியவர் எல்லோரும் பாராட்டத்தான் செய்வார்கள். மீட்டரில் 2,000 மணி நேரம் தாண்டியவரிடம் ஒரே கேள்வி போதும்: சீசனில் அதிகபட்சம் எத்தனை நாள் வண்டி நின்றது?

டீசல் விஷயத்தையும் வாய்ச்சொல்லில் விட வேண்டாம். இரண்டு டீலரிடமும் உங்கள் வயலில் டெமோ கேளுங்கள். டேங்க்கை விளிம்புவரை நிரப்பி, அதே வயலில், அதே ரோட்டோவேட்டரில் ஒரு மணி நேரம் ஓட்டி, மறுபடி நிரப்பினால் எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று பாருங்கள். வித்தியாசம் அரை லிட்டருக்குப் பதில் கால் லிட்டர்தான் என்றால் என் ஆறு நாள் கணக்கு மூன்று நாளாகிவிடும்.

வாரண்டி 5 வருஷம், 6 வருஷம் என்று போஸ்டரில் போடுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் கிளட்ச் போலத் தேய்கிற பாகங்கள் பெரும்பாலும் அதில் வராது. டயருக்கும் பேட்டரிக்கும் அந்தந்தத் தயாரிப்பாளரிடம்தான் போக வேண்டும். அட்டையை வாங்கி, எது வராது என்ற பகுதியை முதலில் படியுங்கள்.

இன்னும் கொஞ்சம் போட்டால் 55 எச்.பி. வண்டி கிடைக்கும் என்று யாராவது ஆசை காட்டினால், ஒன்றை நினைவில் வையுங்கள். 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் டிரெம்-4 என்ற கடுமையான புகை விதி வந்துவிட்டது. அதற்காக டீசல் செலுத்துவதை எலெக்ட்ரானிக் முறைக்கு மாற்றிய இன்ஜின்கள் வருகின்றன. அதில் கோளாறு என்றால் கருவியை மாட்டிப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஊர் மெக்கானிக்கின் ஸ்பேனர் போதாது. அந்த ரகத்துக்கு டீலர் பக்கத்தில் இருப்பது இன்னும் முக்கியம்.

தஞ்சாவூர் வண்டியை எடுங்கள் என்று நான் சொல்லியிருக்கக்கூடிய ஒரு நிலைமையும் உண்டு. வாடகைக்கு விடாமல் உங்கள் 6 ஏக்கருக்கு மட்டும் ஓட்டுவதாக இருந்தால் நான்கு நாள் நின்றாலும் வாடகை வண்டியைக் கூப்பிட்டுச் சமாளித்துவிடலாம். ஆனால் 6 ஏக்கருக்கு மட்டும் என்றால் சொந்த டிராக்டரே தேவையில்லை.

சரி, கடனுக்கு வருவோம். இங்கேதான் எனக்குக் கவலை. உங்கள் கணக்கில் ரோட்டோவேட்டரைக் காணோம். அது மட்டுமே ஒரு லட்சம் ரூபாய் பக்கம் வரும். கேஜ் வீலும் சேர்த்து 1.2 லட்சம் என்று வைத்தால், 7.3 லட்சம் வண்டிக்கே மொத்தச் செலவு 8.5 லட்சம். உங்கள் 2.5 லட்சம் போக 6 லட்சம் கடன். நகையை வைத்தாவது பணம் புரட்டி அதை விலை கூடிய இன்ஜினில் போடுவதற்கு இங்கே இடமே இல்லை.

அந்த 8 சதவீதம் எந்த வகை வட்டி என்று கேட்டீர்களா? ஃப்ளாட் வட்டி என்றால், நீங்கள் அசலைக் கட்டக் கட்டக் கடன் குறைந்தாலும் 6 லட்சத்துக்கே ஐந்து வருஷமும் வட்டி போடுவார்கள். வட்டி மட்டும் 2.4 லட்சம். ஆறு மாதத்துக்கு ஒன்றாகப் பத்துத் தவணை, தவணைக்கு 84,000 ரூபாய். குறைகிற பாக்கிக்கு மட்டும் வட்டி போடும் முறையில் பார்த்தால் இது 13 சதவீதத்துக்கும் மேல். வங்கியில் அந்த முறையில் 10.5 சதவீதத்துக்குக் கிடைத்தால் தவணை சுமார் 78,650 ரூபாய்தான். ஐந்து வருஷத்தில் 53,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். இரண்டு வண்டிக்கும் உள்ள விலை வித்தியாசத்துக்குக் கிட்டத்தட்ட சமம். எந்த வண்டி என்று பார்க்கச் செலவிடும் நாட்களில் இரண்டு நாளை இரண்டு வங்கிகளுக்கு ஒதுக்குங்கள். தவணை அறுவடைக்குப் பிறகு வரும்படி ஆறு மாதத் தவணையாகவே கேளுங்கள்.

பில் போடும்போது ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தானா என்று பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு 12-லிருந்து 5 ஆகக் குறைத்திருக்கிறார்கள். மானியம் கிடைக்குமா என்று பார்க்க நினைத்தால் வண்டியை எடுப்பதற்கு முன்பே வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்து விண்ணப்பியுங்கள்.

பாசனத்துக்கு மேட்டூர் அணையை வழக்கம்போல் ஜூன் 12-ல் திறந்தால் உங்களுக்கு ஓய்வே இருக்காது. முதல் சர்வீஸ் பொதுவாக 50 மணி நேரத்தில் வரும். ஏப்ரல் கடைசிக்குள் வண்டி வீட்டுக்கு வந்துவிட்டால் கோடை உழவிலேயே அந்த 50 மணி நேரம் ஓடிவிடும். அந்த சர்வீஸுக்கு வண்டியைக் காலையில் விட்டு மாலையில் எடுக்க முடிகிறதா, அல்லது மூன்று நாள் இழுக்கிறார்களா என்பது சீசனுக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். இழுத்தார்கள் என்றால் உடனே அந்த வெளி மெக்கானிக்கைப் பார்த்துப் பழகி, சீலும் ஃபில்டரும் ஒரு செட் வீட்டிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.