ஐயா காலத்துப் பீரோவில் பால் பைத்தான் வளர்க்கலாமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "சார், என்னிடம் இரண்டு பால் பைத்தான்கள் இருக்கின்றன. பெண்ணுக்கு இரண்டு வயது, 1,100 கிராம். ஆண் 650 கிராம். இப்போது இரண்டும் சின்ன பிளாஸ்டிக் பெட்டிகளில் இருக்கின்றன. எங்கள் ஐயா காலத்துத் தேக்குப் பீரோ ஒன்று மாடியில் சும்மா கிடக்கிறது. கண்ணாடிக் கதவு, ஆறடி உயரம், நாலடி அகலம், ஒன்றரை அடி ஆழம். அதில் இரண்டையும் சேர்த்துவிட்டு, வருகிற மார்கழியில் இனச்சேர்க்கைக்கு முயலலாம் என்று நினைக்கிறேன். சரிவருமா?"

(பால் பைத்தான் என்பது மிரண்டால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும், விஷமில்லாத ஆப்பிரிக்க மலைப்பாம்பு. 'பால்' என்பது ஆங்கிலத்தில் பந்து.) பீரோ வேண்டாம், மாடி வேண்டாம், சேர்த்து விடவும் வேண்டாம். மார்கழியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மாடியில் தொடங்குவோம். நம் ஊரில் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்வது வெயில்தான். இணையத்தில் இந்தப் பாம்பு வளர்ப்பைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் குளிர்நாட்டுக்காரர்கள். பெட்டியை எப்படிச் சூடாக வைப்பது என்பதுதான் அவர்கள் கவலை. நமக்கு அது மார்கழி, தை இரவுகளில் மட்டும். சித்திரை மாதம் சாயங்காலம் நாலு மணிக்குப் பெட்டி எவ்வளவு கொதிக்கும் என்பதுதான் நம் கவலை. கானா, டோகோ, பெனின் பக்கத்துப் பாம்பு, அதற்கு வெயில் பழக்கம்தானே என்பார்கள். அங்கே அது பகலெல்லாம் எலி வளையிலும் கறையான் புற்றுக்குள்ளும் சுருண்டு கிடக்கும் பிராணி. வெயிலைத் தாங்கிக்கொண்டு பிழைக்கிற பாம்பு அல்ல, வெயிலுக்கு ஒளிந்துகொள்ளத் தெரிந்த பாம்பு.

அதற்கு வேண்டியது ஒரே பெட்டியில் இரண்டு தட்பவெப்பம். ஒரு முனை 31–32 டிகிரி செல்சியஸ், மறுமுனை 25–27. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதம் ஒட்டி, தோலுரிக்கும் நாட்களில் 70க்கு மேல். 35ஐத் தாண்டி நெடுநேரம் போனால் உயிருக்கே ஆபத்து. தெர்மோஸ்டாட் போட்டிருக்கிறேனே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். சூடு ஏறினால் அது ஹீட்டரை நிறுத்தும், அவ்வளவுதான். குளிரவைக்க அதற்குத் தெரியாது. அறையே 37 டிகிரி என்றால் பெட்டியின் 'குளிர்ந்த' முனையும் 37தான்.

ஆகவே பெட்டி வாங்கும் முன் அறையைத் தேர்ந்தெடுங்கள். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் பதிந்து வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்கி, ஒரு வாரம் மாடியிலும் ஒரு வாரம் கீழே இரண்டாம் கட்டு அறை ஒன்றிலும் வைத்துப் பாருங்கள். என் வீட்டில் ஒரு மே மாதம் அப்படி வைத்தபோது தளம் போட்ட மாடி அறை 39ஐத் தொட்டது. கீழே, தடித்த சுவரும் ஆத்தங்குடிக் கல் தரையுமாக இருந்த அறை 32ஐத் தாண்டவில்லை. ஏசி இல்லாத காலத்தில் வீடு கட்டியவர்கள் காரணத்தோடுதான் கட்டியிருக்கிறார்கள். முற்றத்து வெயில் நேராக விழாத, ஆள் நடமாட்டம் குறைந்த கீழறையாகப் பாருங்கள். ஏசி போடுவதானால் 27க்குக் கீழே இறக்காதீர்கள், ஏசி காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி பீரோ. திறந்து மோந்து பாருங்கள். அந்துருண்டை வாசம் வருகிறதா? வரும். ஐம்பது வருட அந்துருண்டை தேக்குக்குள் ஊறிப்போயிருக்கும், அது பாம்புக்கு விஷம். பழைய பாலிஷ், எப்போதோ அடித்த பூச்சி மருந்து இதெல்லாம் தனி. 60 சதவீத ஈரத்தில் மரம் ஊதும், பூஞ்சை பிடிக்கும். மூட்டு இடுக்குகளில் உண்ணிப்பேன் குடியேறினால் அதைத் துரத்துவதற்குள் பாம்பு இளைத்துவிடும். போதாததற்கு, கதவுகள் சேரும் இடத்தில் விரல் நுழைகிற சந்து இருக்கிறதல்லவா? பாம்பு அதில் தலையை நுழைத்துக் கதவைத் தள்ளப் பார்க்கும்.

பழைய வீட்டில் பாம்பு தப்புவதை நான் அதிகம் பயப்படுவதற்கு வேறு காரணமும் உண்டு. நம் பக்கம் கண்ணாடி விரியன் உண்டு. தடித்த உடம்பு, பழுப்பு நிறம், திட்டுத்திட்டான கோலம். மங்கலான வெளிச்சத்தில் பாத்திர அறை மூலையில் சுருண்டு கிடப்பதை நம் பிள்ளைதான் என்று நினைத்துக் கையால் அள்ளினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இதே குழப்பத்தில், தப்பிய பால் பைத்தானை அக்கம்பக்கத்தார் அடித்துக் கொல்வதும் நடக்கும். எனவே பூட்டு இல்லாத பெட்டி பெட்டியே இல்லை.

என் தேர்வு இது: நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் பிவிசி போர்டுப் பெட்டி. வளர்ந்த பெண் நாலடி, நாலரை அடி வரும், உடம்பை முழுக்க நீட்டிப் படுக்க இடம் வேண்டும். காரைக்குடியில் மாடுலர் கிச்சன் செய்கிற ஆசாரிகளிடம் அளவு கொடுத்தால் செய்து தருவார்கள். முன்பக்கம் நகர்த்தும் கண்ணாடி, அதற்கு ஷோகேஸ் பூட்டு. மேலே திறக்கும் மூடி வேண்டாம். தலைக்கு மேலிருந்து கை இறங்கினால் பருந்து பாய்ந்த மாதிரிதான் பாம்புக்குத் தோன்றும். காற்றுத் துளை குளிர்ந்த பக்கம் கீழேயும் சூடான பக்கம் மேலேயும் இருக்கட்டும். சிலிக்கான் பசையின் வாசம் முழுக்கப் போகும்வரை பாம்பை விடாதீர்கள். கண்ணாடி மீன்தொட்டியும் சரிவராது, வலை மூடி வழியே ஈரமெல்லாம் போய்விடும்.

சூட்டுக்கு, தடித்த பிவிசி தரையின் அடியில் ஹீட் மேட் (கரண்டில் சூடாகும் விரிப்பு) ஒட்டிப் பயனில்லை. பெட்டியின் கூரையில் கம்பிக்கூண்டு போட்ட செராமிக் பல்ப் (வெளிச்சமில்லாமல் சூடு மட்டும் தருவது), தெர்மோஸ்டாட்டோடு. கூண்டு இல்லையென்றால் பாம்பு பல்பைச் சுற்றிக்கொண்டு வெந்துபோகும், பின்வாங்கத் தெரியாது.

உள்ளே போடுவதற்குச் செட்டிநாட்டில் காசு செலவழிக்கவே வேண்டாம். வாய் உடைந்த சின்ன மண்பானையைக் கவிழ்த்து, விளிம்பைத் தேய்த்து மழமழப்பாக்கினால் ஒளியும் குகை ஆயிற்று. சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. பாம்பின் உடம்பு பானையின் சுவரை உரசுகிற அளவுதான் இருக்க வேண்டும், பெரிதாக இருந்தால் பாதுகாப்பாக உணராது. வெயில் காலத்தில் குளிர்ந்த பக்கத்துப் பானையின் மேல் தண்ணீர் தெளித்தால் உள்ளே சூடு சற்று இறங்கும். தண்ணீருக்குக் கல்சட்டி, எவ்வளவு முட்டினாலும் கவிழாது. தரைக்குத் தேங்காய் மட்டைத் தூள். (தண்ணீர்தான், பால் அல்ல. 'பால் பைத்தான்' என்று பெயர் கேட்டதும் எங்கள் அப்பத்தா ஒரு டம்ளர் பாலோடு வந்து நின்றார்.)

இரண்டையும் சேர்த்து வைப்பது பற்றி: ஒன்றன்மேல் ஒன்று படுத்திருப்பதைப் பார்த்து அன்பு என்று நினைக்கிறோம். நல்ல இடத்துக்கான போட்டி அது. இரை எடுப்பதை நிறுத்தும், எது கழித்தது, எது கக்கியது என்றும் உங்களுக்குத் தெரியாது. இனச்சேர்க்கைக் காலத்தில்கூட ஆணைப் பெண்ணின் பெட்டியில் சில நாள் விட்டு எடுத்துவிடுவதுதான் முறை.

அப்படியானால் எத்தனை பெட்டி? ஆளுக்கு ஒன்று. புதிதாக வருவதையும் நோய் கண்டதையும் தனி அறையில் ஒதுக்கி வைக்க ஒன்று. ஆறு முட்டை பொரிந்தால் குட்டிக்கு ஒன்றாக இன்னும் ஆறு சின்னப் பெட்டிகள். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள்.

முட்டை என்றதும் மறுபடி வெயிலுக்கு வர வேண்டும். மார்கழி, தையில் இணை சேர்ந்தால் முட்டை பெரும்பாலும் பங்குனி, சித்திரையில் விழும். 31–32 டிகிரியில் ஏறக்குறைய 55 முதல் 60 நாள் அடைகாக்க வேண்டும். பெரும்பாலும் கத்திரி வெயிலும் அதற்குள் வந்துவிடும். சாதாரண இன்குபேட்டருக்கும் (முட்டையை அடைகாக்கும் சூட்டுப் பெட்டி) குளிரவைக்கத் தெரியாது. கரண்ட் போய் அறை 36க்கு ஏறினால் முட்டை கெடும், பிழைத்த குட்டி ஊனத்தோடு வரலாம். எனவே ஒரு முழு ஆண்டு, முக்கியமாக ஒரு முழுக் கோடை, முட்டை இல்லாமலே அந்த அறையை ஓட்டிப் பாருங்கள். காலை, மாலை வெப்பத்தை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

சட்டப்படி ஒன்று. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தமும் 2024 விதிகளும் பால் பைத்தானுக்குப் பொருந்தும். வைத்திருப்பதை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், குட்டி பிறந்தாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். இரண்டுக்கும் பதிவு இல்லையென்றால் முதலில் வனத்துறை அலுவலகத்துக்குப் போங்கள், ஆசாரியிடம் அப்புறம் போகலாம்.

மார்கழிக்கு வருவோம். பெண் 1,500 கிராமுக்குக் குறையாமலும் மூன்று வயதை ஒட்டியும் இருந்தால்தான் நான் சேர்ப்பேன். முட்டை சுமக்கும் காலத்தில் அது மாதக்கணக்கில் இரை எடுக்காது, உடம்பில் இருப்பைக் கரைத்துத்தான் முட்டை போடும். 1,100 கிராமில் அந்த இருப்பு கிடையாது. ஆணும் 700ஐத் தாண்டட்டும். புதுப் பெட்டிகளுக்கு இந்த ஐப்பசியில் மாற்றுங்கள். அடுத்த ஐப்பசியில் இரண்டையும் எடை போட்டு, அந்த வெப்ப நோட்டின் சித்திரை மாதப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். ஆணை விடுவதா வேண்டாமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.