பீரோ மேல் இருக்கும் கோப்பை

அன்புள்ள அண்ணா,

நான் வியாசர்பாடி. எங்கள் ஏரியாவில் 2020 பிப்ரவரியில் எட்டு டீம் சேர்ந்து செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ஃபுட்பால்) டோர்னமென்ட் நடத்தினோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் மேட்ச். ஒரு செமி ஃபைனல் முடிந்தது. எங்கள் செமியை மார்ச் 22க்கு வைத்திருந்தோம். அன்றைக்குத்தான் மக்கள் ஊரடங்கு. 'அடுத்த வாரம் ஆடிக்கலாம்' என்று பேசிக்கொண்டோம். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. கோப்பை இன்னும் டோர்னமென்ட் நடத்திய அண்ணன் வீட்டு பீரோ மேல் பிரிக்காத கவரோடு இருக்கிறது.

இப்போது மறுபடி டோர்னமென்ட் ஆரம்பிக்கப் போகிறோம். ஏற்கெனவே ஃபைனலுக்குப் போன டீம், 2020 கோப்பை தங்களுக்குத்தான் என்கிறார்கள். சிலர் பாக்கி இரண்டு மேட்சையும் ஆடி முடிக்கலாம் என்கிறார்கள். பழசை விடுங்கடா என்பவர்களும் இருக்கிறார்கள். எங்களோடு ஆட வேண்டிய டீமின் கோல் கீப்பர் 2021 மே மாதம் கொரோனா இரண்டாவது அலையில் இறந்துபோய்விட்டார். 2020ல் நின்றுபோன ஃபுட்பால் லீக்கை ஃபிரான்ஸில் பாதியில் முடித்தார்கள், இங்கிலாந்தில் ஆடி முடித்தார்கள். எது சரி? நாங்கள் என்ன செய்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆடி முடிக்க வழியிருந்தால் ஆடித்தான் முடிக்க வேண்டும். வழியில்லை என்றால், நின்ற நாளுக்குள் மைதானத்திலேயே முடிவாகிவிட்டதை ஏற்றுக்கொள்ளலாம். முடிவாகாததைக் காகிதத்தில் கணக்குப் போட்டு முடிக்கக் கூடாது. 2020ல் இருந்து எனக்கு இதில் மாற்றுக் கருத்து வந்ததில்லை.

இங்கிலாந்து பிரீமியர் லீக் அந்த மார்ச் 13 அன்று நின்றது. லிவர்பூல் 25 புள்ளி முன்னால் இருந்தது, ஒன்பது ஆட்டம் பாக்கி. உலகமே அவர்களைப் பற்றித்தான் பேசியது. லீக் பட்டத்துக்கு 30 வருஷம் காத்திருந்தவர்கள், பேச்சு வரத்தான் செய்யும். ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் பட்டியலின் அடியில் இருக்கிறது. ஆஸ்டன் வில்லா 28 ஆட்டத்தில் 25 புள்ளியோடு கடைசிக்கு முந்தின இடத்தில் கிடந்தது. வாட்ஃபோர்டு 29 ஆட்டத்தில் 27 புள்ளி எடுத்து, அடுத்த சீசனில் இரண்டாம் பிரிவுக்கு இறக்கிவிடப்படும் கடைசி மூன்று இடங்களுக்குச் சற்று மேலே நின்றது. ஓர் ஆட்டத்துக்குச் சராசரி எத்தனை புள்ளி என்று வகுத்து அன்றைக்கே சீசனை மூடியிருந்தால் வில்லா இறங்கியிருக்கும், வாட்ஃபோர்டு தப்பியிருக்கும்.

ஜூன் 17ல் மறுபடி ஆரம்பித்தார்கள். ஜூலை 26ல் முடித்தபோது வாட்ஃபோர்டு இறங்கியது, வில்லா ஒரே ஒரு புள்ளியில் தப்பியது. அதே வில்லா 2024ல், ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் ஆடப் போனது. வகுத்தல் கணக்கு எழுதிவைத்திருந்த விதியை, ஆடிய ஆட்டம் அடித்து எழுதியது.

அந்த ஒரு புள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மறுபடி ஆரம்பித்த முதல் நாள், முதல் மேட்ச், வில்லாவின் சொந்த மைதானம். ஷெஃபீல்டு யுனைடெட் அடித்த ஃப்ரீ கிக்கைப் பிடித்த வில்லா கீப்பர், பந்தோடு கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டார். டிவியில் பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. பந்து கோட்டைத் தாண்டினால் கேமராக்கள் பார்த்து நடுவரின் கைக்கடிகாரத்துக்கு சிக்னல் அனுப்ப வேண்டும், அது மட்டும் வரவில்லை. சுற்றி நின்ற ஆட்கள் மறைத்ததில் கேமராக்களுக்குப் பந்து தெரியவில்லையாம். ஆட்டம் 0-0. அநியாயம்தான். ஆனாலும் அது ஆட்டத்துக்குள் நடந்த அநியாயம். அதற்குப் பிறகும் பதில் சொல்ல எல்லோருக்கும் மேட்ச் இருந்தது.

ஃபிரான்ஸின் ஆமியான் கிளப்புக்கு அதுவும் கிடைக்கவில்லை. பத்து ஆட்டம் பாக்கி இருந்தது, கடைசியாகத் தப்பித்த டீமுக்கு நான்கு புள்ளி பின்னால். ஏப்ரல் கடைசியில் லீக்கை மூடி, சராசரி போட்டு, அவர்களை இரண்டாம் பிரிவுக்கு இறக்கிவிட்டார்கள். கோர்ட் வரைக்கும் போனார்கள், கடைசியில் இறங்கத்தான் வேண்டியிருந்தது. ஏப்ரலில் மூடியதை நான் குறை சொல்ல மாட்டேன். அரசாங்கமே ஆடக்கூடாது என்று சொல்லிவிட்டது, மருத்துவமனைகள் நிரம்பியிருந்தன. ஆனால் தோற்காத ஆட்டங்களுக்கு ஒரு கிளப்பைத் தண்டித்ததை இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நெதர்லாந்தில் வேறு மாதிரி. அயாக்ஸ், ஏஇசட் என்ற இரண்டு கிளப்பும் 56 புள்ளியில் சமமாக நின்றதால் சாம்பியன் இல்லை, யாரும் இறங்கவும் இல்லை. அதுவரை சரி. ஆனால் இரண்டாம் பிரிவில் எல்லோரையும் பின்னால் தள்ளிவிட்டு முதலிடத்தில் நின்ற கம்பூர் கிளப்பையும் மேலே ஏற விடவில்லை. அடுத்த வருஷம் மறுபடி முதலாவதாக வந்து ஏறினார்கள். அதனால் அந்தத் தவறு சரியாகிவிடாது.

நம் நாட்டில் ஐ-லீக் ஃபுட்பால் போட்டியில் எடுத்த முடிவு இவற்றைவிட நியாயமானது என்பேன். கொல்கத்தாவின் மோகன் பகான் மார்ச் 10 அன்றே, நான்கு சுற்று பாக்கி இருக்கும்போதே, யாரும் எட்டிப்பிடிக்க முடியாத இடத்துக்குப் போய்விட்டது. அவர்களைச் சாம்பியன் என்றார்கள். பாக்கி 28 மேட்சையும் ரத்து செய்தார்கள். யாரையும் இறக்கவில்லை. மற்ற இடங்களுக்கான பரிசுப் பணத்தை மீதி டீம்களுக்குச் சமமாகப் பிரித்தார்கள்.

'ஆடி முடிக்க வழியிருந்தால்' என்றேன். வழி இருக்கிறதா என்று சொல்ல வேண்டியது யார்? வாட்ஃபோர்டு கேப்டன் டிராய் டீனி அந்த மே மாதம் பயிற்சிக்கு வர மாட்டேன் என்றார். அவருடைய கைக்குழந்தைக்கு மூச்சுத் திணறல் இருந்தது. டீம் கீழே இறங்கும் அபாயத்தில் இருக்கும்போது கேப்டன் வர மறுப்பதா என்று கோபப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அவர் மேல் மரியாதைதான் கூடியது. உள்ளே இறங்கி ஆடுகிறவன் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்காமல் தேதி குறிக்கக் கூடாது. பிறகு அவர் திரும்பி வந்து ஆடினார்.

முடித்தே தீர வேண்டும் என்று முடித்த ஓர் ஆட்டத்தை நம் ஊரும் பார்த்தது. 2020 பிப்ரவரி 29 அன்று நேரு ஸ்டேடியத்தில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) செமியின் முதல் ஆட்டத்தில் நம் 'சென்னையின் எஃப்சி' டீம், கோவா டீமை 4-1 அடித்தபோது நான் கேலரியில் இருந்தேன். டிசம்பரில் பட்டியலின் அடியில் கிடந்த டீம் அது. மேட்ச் முடிந்து வெளியே வந்து பெரியமேட்டில் டீ குடிக்கும்போது முன்பின் தெரியாதவர் தோளில் கை போட்டு 'கப்பு நம்மளுது' என்றார். இரண்டே வாரம். மார்ச் 14, கோவா ஃபதோர்டா, ஃபைனல். ஆள் இல்லாத ஸ்டேடியம். டிவியில் பந்தை உதைக்கும் சத்தம் கேட்டது, கீப்பர் கத்துவது கேட்டது. 69ஆவது நிமிஷம் நம் டீமின் வால்ஸ்கிஸ் கோல் அடித்தபோது ஆடுபவர்களின் குரல் தவிர வேறு சத்தமே இல்லை. கொல்கத்தாவின் ஏடிகே 3-1 என்று ஜெயித்தது. தோற்றது வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சீசன் முடிந்தது, எனக்கு மனதில் பாக்கி எதுவும் இல்லை. நேரு ஸ்டேடியத்துக்கு ஐஎஸ்எல் திரும்பி வர 2022 அக்டோபர் ஆயிற்று.

காலம் கடந்துவிட்டதே என்று யாராவது சொன்னால் செஸ்ஸைக் காட்டுங்கள். உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்யும் 14 சுற்று கேண்டிடேட்ஸ் போட்டி 2020 மார்ச்சில் ரஷ்யாவில் ஏழாவது சுற்றோடு நின்றது. ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து, 2021 ஏப்ரலில், அதே ஆட்டக்காரர்கள் அதே புள்ளிகளோடு எட்டாவது சுற்றில் இருந்து ஆடினார்கள்.

இனி உங்கள் விஷயம். ஃபைனலுக்குப் போன டீம் சொல்வது சரியில்லை. ஃபைனலுக்குப் போனது அவர்கள் ஜெயித்து வாங்கிய இடம், அதை யாரும் எடுக்க முடியாது. கோப்பை வேறு. அதற்கு இன்னும் ஒரு மேட்ச் ஜெயிக்க வேண்டும்.

பாக்கி இரண்டு மேட்சையும் ஆடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அதைச் சொல்ல எனக்கோ உங்களுக்கோ முதல் உரிமை இல்லை. கீப்பரை இழந்த டீம்தான் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் கேட்காதீர்கள். நீங்கள் இரண்டு மூன்று பேர் நேரில் போங்கள். அவர் வீட்டாரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் மறுபேச்சு வேண்டாம். கோப்பையில் 2020க்கு எந்தப் பெயரும் பொறிக்காமல் புது டோர்னமென்டை ஆரம்பித்துவிடுங்கள்.

ஆடலாம் என்றால், புது டோர்னமென்டுக்கு முந்தின ஞாயிறு செமி, புது டோர்னமென்டின் முதல் நாள் 2020 ஃபைனல். அன்றைய பட்டியலில் இருந்தவர்கள் மட்டும்தான் ஆடலாம் என்று பிடிவாதம் வேண்டாம். வேலைக்குப் போனவன், கல்யாணமாகி வேறு ஏரியாவுக்குக் குடிபோனவன் எல்லாம் வர முடியாது. ஆள் குறைகிற டீம் தங்கள் தெருப் பையன்களைச் சேர்த்துக்கொள்ளட்டும், இரண்டு பக்கமும் அதே விதி. ஷிஃப்டில் இருப்பவர்களைக் கேட்டு நேரம் வையுங்கள். அந்த டீமின் கிளவுஸை யார் போட்டுக்கொண்டு போஸ்ட்டில் நிற்பது என்பதை மட்டும் அவர்களே முடிவு செய்யட்டும். நீங்கள் யாரும் பெயர் சொல்லாதீர்கள்.